கணினியை மறுக்க உதவும் படம்

நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வருபவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமாவும் இருந்தால், அவர் இறந்துபோகும் வாய்ப்பு குறைவு. 1990களில் அமெரிக்காவில், ஆயிரக்கணக்கான நிமோனியா நோயாளிகளின் பதிவுகளைக் கொடுத்துப் பயிற்றுவித்த ஒரு கணினி நிரல் கற்றுக்கொண்ட பாடம் இது. யாரை உள்நோயாளியாகச் சேர்ப்பது, யாரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது என்று பிரிக்க உதவுவதுதான் அந்த ஆய்வின் நோக்கம். நிரல் சொன்னபடி நடந்திருந்தால், மூச்சுவிடவே திணறும் ஆஸ்துமாக்காரர் முதல் ஆளாக வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்.

தரவில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இதில் விசேஷம். ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் மருத்துவர்கள் பதறுவார்கள். நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கவனிப்பினால் அவர்களில் பலர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களின் எண்ணிக்கை பதிவேட்டில் இருந்தது, பதற்றம் பதிவேட்டில் இல்லை. கணினி பதிவேட்டை மட்டும் படித்தது.

இந்தத் தவறு வெளியே தெரிந்ததற்குக் காரணம், அந்த நிரல் தான் கற்றதை விதிகளாக எழுதிக் காட்டும் வகையைச் சேர்ந்தது. மருத்துவர் ஒருவர் வாசித்தால் உடனே முகம் சுளிப்பார். அதே தரவில் பயிற்றுவித்த நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்புப் பின்னலைப் பார்த்து அமைத்த நிரல்) இதைவிடத் துல்லியமாகக் கணித்தது. ஆனால் அது என்ன கற்றது என்று வாசிக்க வழியில்லை. அதைப் பயிற்றுவித்த ரிச் கருவானாவே அதை நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம் என்றார். ஆஸ்துமா கண்ணில் பட்டுவிட்டது. கண்ணில் படாமல் உள்ளே இன்னும் என்னென்ன இருக்கின்றனவோ என்பது அவர் பயம்.

2015-இல் கருவானாவும் அவருடைய குழுவினரும் அதே நிமோனியா தரவுக்குத் திரும்பி வந்தார்கள். இம்முறை அவர்கள் உருவாக்கிய மாதிரியில், அதாவது தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலில், ஒவ்வொரு காரணிக்கும் தனியாக ஒரு வரைபடம் இருந்தது. வயது ஏற ஏற அபாயம் எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு கோடு, இரத்தப் பரிசோதனை அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஆஸ்துமாவுக்கு ஒன்று. நோயாளியின் நிலைக்கேற்ப ஒவ்வொரு வரைபடத்திலிருந்தும் ஒரு மதிப்பை எடுத்துக் கூட்டினால் அவருடைய மொத்த அபாயம் கிடைக்கும். இங்கே வரைபடம் மாதிரியைப் பற்றிப் பின்னால் எழுதிச் சேர்த்த விளக்கம் இல்லை. வரைபடமேதான் மாதிரி. ஆஸ்துமாவின் படம் தலைகீழாக இருப்பதை மருத்துவர் பார்க்கலாம், அந்த ஒரு படத்தை மட்டும் திருத்தலாம், மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம். இவ்வளவுக்கும் துல்லியத்தில் பெரிதாக எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவையும் தரவுக் காட்சிப்படுத்தலையும் சேர்த்து மனித முடிவுகளுக்குத் துணையாக்குவது பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆஸ்துமா படம். பலரும் இந்தச் சேர்க்கையை வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறார்கள்: இயந்திரம் விடையைக் கண்டுபிடிக்கும், படம் அதை அழகாக எடுத்துச் சொல்லும். அது விளம்பரப் பலகையின் வேலை. முடிவெடுப்பவருக்கு வேண்டியது, இயந்திரம் தவறும் இடத்தில் அந்தத் தவறு கண்ணில் படும்படி அமைந்த படம்.

கண்ணுக்கு என்ன தெரியும்?

எண்களைப் படமாக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பாடப்புத்தகங்கள் தரும் சான்று 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் உருவாக்கிய நான்கு சிறு தரவுத் தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். சராசரி ஒன்று, பரவல் ஒன்று, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவும் கிட்டத்தட்ட 0.816 தான். வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளி, இன்னொன்றில் எல்லாப் புள்ளிகளும் செங்குத்தாக அடுக்கி நிற்க, தூரத்தில் இருக்கும் ஒரே புள்ளி மொத்தக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். கணக்குக்கு நான்கும் ஒன்று. கண்ணுக்கு நான்கும் வேறு.

கண்ணும் லேசுப்பட்ட ஏமாளி இல்லை. வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவுகோலில் வைத்த புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில் நாம் தேர்ந்தவர்கள். நீளத்தில் சற்றுக் குறைவு. கோணத்திலும் பரப்பிலும் இன்னும் மோசம். நிற அடர்த்தியில் கடைசி. இத்தனை ஆண்டுகள் கழித்தும் வட்ட வரைபடத்தையும் நிறம் தீட்டிய கட்டங்களையும் முடிவெடுக்கும் மேசைகளில் குவித்துக்கொண்டே இருக்கிறோம். அது போகட்டும். கண்ணின் பெரிய குறை வேறு: சும்மா சிதறிக் கிடக்கும் புள்ளிகளிலும் அது உருவங்களைக் கண்டுபிடித்துவிடும், இருநூறு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையின் முன்னால் செயலிழந்து நிற்கும்.

இருநூறு நெடுவரிசை என்பது இயந்திரத்துக்குப் பொருட்டே இல்லை. கணக்கின் குறையும் கண்ணின் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்ற நம்பிக்கையில்தான் 2005 வாக்கில் 'காட்சிவழிப் பகுப்பாய்வு' என்று ஒரு தனித் துறையே அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 1996-இல் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன் வகுத்த வரிசையைத்தான் இத்துறையினர் மந்திரம்போல் சொல்லிவந்தார்கள்: முதலில் முழுத் தோற்றம், பிறகு நெருங்கிப் பார்ப்பதும் வடிகட்டுவதும், கேட்டால் விவரம். தரவு பெருகிய பிறகு ஜெர்மானிய ஆய்வாளர் டேனியல் கைம் முதலானோர் வரிசையை மாற்றினார்கள். முதலில் இயந்திரம் பகுத்தாயட்டும், முக்கியமானதைக் காட்டட்டும், மற்றவை அதற்குப் பிறகு என்றார்கள்.

கோடிக்கணக்கான பதிவுகளை வைத்துக்கொண்டு வேறு வழியும் இல்லை. ஆனால் இந்தச் சிறிய மாற்றத்தில் அதிகாரம் கைமாறியது. எது முக்கியம் என்று முதலில் தேர்ந்தெடுப்பவர் பாதி முடிவை எடுத்துவிடுகிறார். நூற்றுக்கணக்கான பரிமாணங்களை இரண்டாகச் சுருக்கி வண்ணவண்ணத் தீவுக்கூட்டமாகக் காட்டும் டீ-ஸ்னி, யூமேப் படங்களைப் பார்த்தால் இது விளங்கும். தீவுக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று நெருக்கமானவை என்பதை ஓரளவு நம்பலாம். இரண்டு தீவுகளுக்கு இடையிலான தூரத்தையோ தீவின் பரப்பையோ அப்படி நம்ப முடியாது. அமைப்பெண் ஒன்றை மாற்றினால் தீவுகள் சேரும், பிரியும். இது தெரியாமல் "இந்த இரு பிரிவினரும் எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் பாருங்கள்" என்று சுட்டிக்காட்டிப் பேசுபவர்களுக்குக் குறைவே இல்லை.

கூம்புக்கு வெளியே

இயந்திரத்தின் கணிப்பைப் படமாக்குவதில் மிகக் கடினமான பகுதி, அதற்கு எவ்வளவு நிச்சயம் என்பதைக் காட்டுவது. இதற்கு உலகில் அதிகம் பேர் பார்த்த எடுத்துக்காட்டு அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் 2002 முதல் வெளியிட்டுவரும் கூம்பு. புயல் இப்போது இருக்கும் இடத்தில் குறுகலாகத் தொடங்கி, போகப் போக விரியும் வெள்ளைக் கூம்பு அது.

பார்ப்பவர்களில் பலர் புயல் போகப் போகப் பெரிதாகிறது என்று புரிந்துகொள்கிறார்கள். விரிவது புயல் இல்லை, கணிப்பவரின் தயக்கம். கடந்த 5 ஆண்டுகளில் கணிப்புகள் எவ்வளவு பிசகின என்று பார்த்து, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே அடங்குமாறு கூம்பின் அகலத்தை அமைக்கிறார்கள். ஆக, ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை புயலின் மையம் கூம்புக்கு வெளியே போகும். காற்றும் மழையும் கடல் எழுச்சியும் மையத்திலிருந்து எவ்வளவோ தூரம் பரவும், அதைக் கூம்பு சொல்வதே இல்லை. ஆனால் படத்தில் தெரிவது ஒரு வேலி. வேலிக்கு உள்ளே ஆபத்து, வெளியே நிம்மதி.

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி சூறாவளி புளோரிடாவைத் தாக்கியது. கூம்பின் நடுக்கோடு தம்பா நகரை நோக்கி இருந்ததால் எல்லோருடைய பார்வையும் தம்பாவில். புயல் சற்று முன்னதாகவே வலப்பக்கம் திரும்பி, வேகமாக வலுப்பெற்று, தெற்கே சார்லட் ஹார்பர் பகுதியில் கரையேறியது. அந்தப் பகுதி கூம்புக்குள்தான் இருந்தது, எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் நடுவில் ஒரு மெல்லிய கோடு வரைந்துவிட்டால் கண் அதைத்தான் விதியாக எடுத்துக்கொள்கிறது.

சரி, கூம்புக்குப் பதில் சாத்தியமான பாதைகளைத் தனித்தனிக் கோடுகளாக வரைந்தால்? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புயல் பெரிதாகிறது என்ற மயக்கம் குறைகிறது. ஆனால் ஏதோ ஒரு கோடு தன் ஊர்மேல் நேராகப் போய்விட்டால், பார்ப்பவர் தன் ஊருக்கு வரும் சேதத்தை மிகையாக மதிப்பிடுகிறார். சற்றுத் தள்ளி இருப்பவரோ தேவைக்குமேல் நிம்மதியடைகிறார். ஒவ்வொரு படத்துக்கும் தனக்கென்று ஒரு பொய் உண்டு.

இந்தச் சிக்கல் இப்போது இன்னும் அவசரமாகியிருக்கிறது. கூகுள் டீப்மைண்ட் 2024 டிசம்பரில் விவரித்த ஜென்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி, உலகம் முழுவதற்குமான 15 நாள் கணிப்பைச் சில நிமிடங்களில் தருகிறது, அதுவும் ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று மாறுபட்ட பல எதிர்காலங்களாக. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையம் 2025 பிப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பணிக்குக் கொண்டுவந்தது. பல எதிர்காலங்களைக் கணக்கிடுவது முன்பு சூப்பர் கம்ப்யூட்டர்கள் மணிக்கணக்கில் செய்த வேலை. இப்போது கணக்கு மலிந்துவிட்டது. ஐம்பது எதிர்காலங்களையும் ஒரே பார்வையில் எப்படிக் காட்டுவது என்பது மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

எனக்குப் பிடித்த ஒரு விடை, பஸ் வரும் நேரத்துக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த ஒன்று. "பஸ் 12 நிமிடத்தில் வரும்" என்று ஒற்றை எண்ணைச் சொல்வதற்குப் பதில், நேரக்கோட்டின்மீது 20 புள்ளிகளை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் இருபதில் ஒரு வாய்ப்பு. எட்டாவது நிமிடத்துக்கு இடப்பக்கம் இரண்டு புள்ளிகள் இருந்தால், எட்டு நிமிடம் கழித்துப் போகிறவர் இருபதில் இரண்டு முறை பஸ்சைத் தவறவிடுவார். சதவீதக் கணக்கு வராதவருக்கும் எண்ணத் தெரியும். 2018-இல் வெளியான சோதனையில், இப்படிப்பட்ட புள்ளிப் படங்களைப் பார்த்தவர்கள் எப்போது கிளம்புவது என்பதை, நிச்சயமின்மையே காட்டாத திரையைப் பார்த்தவர்களைவிட நன்றாகத் தீர்மானித்தார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரும் கடைக்குப் போகிறவரும் ஒரே படத்தைப் பார்த்து வேறு வேறு நேரத்தில் கிளம்பலாம். ஒற்றை எண் இந்த உரிமையைப் பறித்துவிடுகிறது.

வெப்பப் படங்களும் தலையாட்டலும்

மருத்துவப் படங்களைப் படிக்கும் நியூரல் நெட்வொர்க்குகள் தாங்கள் எங்கே பார்த்தோம் என்பதைச் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டிக் காட்டுவதுண்டு. இதற்கு வெப்பப் படம் என்று பெயர். சில நேரம் இது துப்பறியும் வேலையைச் செய்துவிடுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறியும் மாதிரி, தான் பயின்ற மருத்துவமனைகளில் நன்றாகவும் வேறிடத்தில் மோசமாகவும் செயல்பட்டது. வெப்பப் படத்தைப் பார்த்தால், நுரையீரலைவிட்டு மூலையில் சிவந்திருந்தது. எக்ஸ்ரே எடுப்பவர்கள் வைக்கும் சிறு உலோகக் குறி அங்கே இருந்தது. இது எந்த மருத்துவமனையின் படம் என்று கண்டுபிடித்து, அங்கே நிமோனியா எவ்வளவு வழக்கம் என்பதை வைத்து மாதிரி குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறது. தேர்வில் கேள்வியைப் படிக்காமல் தாளின் நிறத்தைப் பார்த்து விடை எழுதிய மாணவனைப் போல.

அதே ஆண்டில் இன்னொரு குழு சற்றுக் குறும்பான சோதனை செய்தது. நெட்வொர்க் கற்றதைச் சேமித்து வைத்திருக்கும் எண்களையெல்லாம் கலைத்துப்போட்டு, ஒன்றுமே தெரியாத நிலைக்கு ஆக்கிவிட்டு, மீண்டும் விளக்கப் படத்தை வரையச் சொன்னார்கள். பரவலாகப் பயன்பட்டுவந்த சில முறைகள் ஏறத்தாழ முன்பு வரைந்த அதே படத்தை வரைந்தன. அவை விளக்கியது மாதிரியை இல்லை. மூலப் படத்தின் ஓரக்கோடுகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன, அவ்வளவுதான். பறவைப் படம் ஒன்றில் பறவையின்மேல் சிவப்பு விழுந்ததும் "ஆமாம், பறவையைத்தான் பார்த்திருக்கிறது" என்று நாம் தலையாட்டிவிட்டோம்.

தலையாட்டுவதில் நிபுணர்களும் விலக்கு இல்லை. ஜெர்மனியில் 27 கதிரியக்க மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. மார்பகப் படங்களோடு, செயற்கை நுண்ணறிவு சொன்னதாக ஒரு மதிப்பீட்டையும் காட்டினார்கள். அவற்றில் சில வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டவை. மதிப்பீடு சரியாக இருந்தபோது, அனுபவத்தை வைத்துப் பிரித்த மூன்று பிரிவினருமே ஏறத்தாழ 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தவறாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள். மிக அனுபவசாலிகளே 45 சதவீத அளவுக்கு வந்துவிட்டார்கள். படம் அவர்கள் கண்முன்னே இருந்தது. பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தது.

106 சோதனைகளைத் தொகுத்து 2024-இல் வெளியான ஒரு மறுஆய்வும் இதே திசையில்தான் போகிறது. மனிதரும் இயந்திரமும் சேர்ந்த கூட்டணி, சராசரியாக, இருவரில் சிறந்தவர் தனியாகச் செய்ததைவிட மோசமாகச் செய்தது. முடிவெடுக்கும் பணிகளில் இந்தச் சரிவு தெளிவாகத் தெரிந்தது. மனிதர் ஏற்கெனவே இயந்திரத்தைவிடத் தேர்ந்தவராக இருந்த இடங்களில் மட்டும் கூட்டணி பலன் தந்தது. எப்போது நம்புவது, எப்போது விடுவது என்று தெரிந்தவர்களுக்குத்தான் துணை துணையாகிறது என்பது என் ஊகம்.

இதற்கு ஒரு மருந்து தெரிந்ததுதான்: கணினியின் கருத்தை உடனே காட்டாமல், மனிதரை முதலில் தரவைப் பார்த்துத் தன் முடிவைப் பதியச் சொல்வது. 2021-இல் இத்தகைய 'நிறுத்தி யோசிக்க வைக்கும்' திரைகளைச் சோதித்தபோது கண்மூடித்தனமான நம்பிக்கை குறைந்தது. ஆனால் எந்தத் திரைகள் அதிகம் பலன் தந்தனவோ அவற்றுக்குத்தான் பயனர்கள் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். மென்பொருள் விற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம்.

ஸ்வீடனில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. அங்கே வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பார்கள். இயந்திரம் ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை அபாய மதிப்பெண் தந்தது. 10 வாங்கிய படங்களை இருவர் பார்த்தார்கள், மற்றவற்றை ஒருவர். 2023-இல் வெளியான முதற்கட்ட முடிவுகளில் படம் பார்க்கும் வேலைச்சுமை 44 சதவீதம் குறைந்திருந்தது. கண்டறிந்த புற்றுநோய்கள் குறையவில்லை. இங்கே இயந்திரத்திடம் முதன்மையாகக் கேட்டது நோய் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை இல்லை. எந்தப் படத்துக்கு எத்தனை ஜோடிக் கண்கள் வேண்டும் என்பதை.

கேட்டதை மட்டும் வரைவது

இப்போது வரைபடத்தையே, எழுதிக் கேட்டால் பதில் தரும் மொழி மாதிரிகள் வரைந்து தருகின்றன. அட்டவணையைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதினால் போதும். அச்சு எங்கே தொடங்குவது, எதை விடுவது, எதற்கு என்ன நிறம் என்பதெல்லாம் கேட்காமலே தீர்மானிக்கப்பட்டுவிடும். படம் நேர்த்தியாக இருக்கும், எனவே சரியாகவும் இருக்கும் என்று தோன்றும்.

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தை மறுநாள் கடுங்குளிரில் ஏவலாமா என்று நாசாவும் ஒப்பந்த நிறுவனமும் தொலைபேசியில் விவாதித்தன. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் தாங்குமா என்பது கேள்வி. பொறியாளர்கள் ஏவ வேண்டாம் என்றார்கள், ஆனால் வெப்பநிலைக்கும் பழுதுக்கும் தொடர்பை அவர்களால் நிறுவ முடியவில்லை. வளையம் பழுதான பயணங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், பழுது குளிரிலும் இருந்தது, வெயிலிலும் இருந்தது. பழுதே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விபத்துக்குப் பின் அமைந்த ரோஜர்ஸ் ஆணையம் சேர்த்துப் பார்த்தது: 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் பழுது 3-இல் மட்டும், அதைவிடக் குளிரான 4 பயணங்களிலும், நான்கிலுமே, பழுது. ஏவப்பட்ட காலையில் குளிர் உறைநிலையை ஒட்டி இருந்தது. 73 விநாடிகளில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

அன்றைய பழுதுப் பட்டியலை இன்றைய மொழி மாதிரியிடம் கொடுத்து "வெப்பநிலையோடு ஒப்பிட்டு வரை" என்றால், அது பிசிறில்லாமல் ஏழு புள்ளிகளை வைத்துக் கொடுத்துவிடக்கூடும். மற்ற பயணங்கள் எங்கே என்று அதுவாகக் கேட்கும்படி செய்ய முடியுமா? முடியலாம். பட்டியலில் இல்லாதது எது, எந்தப் பிரிவில் பதிவுகள் குறைவு, எந்தத் தேதிகள் விட்டுப்போயிருக்கின்றன என்பதைப் படத்தின் ஓரத்திலேயே சாம்பல் நிறத்தில் காட்டுவது கணினிக்குக் கடினமான வேலை இல்லை. கேட்பவர்தான் குறைவு.

அதுபோலவே கேட்பாரற்றுக் கிடக்கும் இன்னொரு படம் உண்டு. கணினி ஒன்று சொல்லி, மனிதர் அதை மறுத்து வேறு முடிவெடுத்த தருணங்கள் எல்லா நிறுவனங்களிலும் நடக்கின்றன. அவற்றைத் தேதிவாரியாகப் பதிந்து, பின்னால் யார் சொன்னது சரியாயிற்று என்பதையும் சேர்த்து ஒரு சிதறல் வரைபடமாக்கலாம். எந்த வகை நோயாளியிடம் மருத்துவர் வெல்கிறார், எந்த வகை விண்ணப்பத்தில் கணினி வெல்கிறது என்பது அதில் திட்டுத்திட்டாகத் தெரியும். மறுப்பு மாதாமாதம் குறைந்து ஒருநாள் பூஜ்யத்தைத் தொட்டால், கணினி தேறிவிட்டதா, மனிதர்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்களா என்று விசாரிக்கவும் அந்தப் படம் ஒன்றுதான் கையில் இருக்கும். நான் பார்த்த டாஷ்போர்டுகளில் கணினியின் துல்லியம் எப்போதும் இருக்கிறது, மேலே, பெரிய எழுத்தில். இந்தப் படத்தை இதுவரை ஒன்றிலும் பார்க்கவில்லை.